ட்ரான்சிட் அண்ணை வெளியே வந்த நாள்

உலகத்து விமான நிலையங்களை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, உலகத்தை மட்டும் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத ஒரே மனிதர் எங்கள் ட்ரான்சிட் அண்ணைதான். சிங்கப்பூருக்கு ஒன்பது தடவை போயிருக்கிறார். சிங்கப்பூரில் ஒரு தெரு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார். துபாய், தோகா, கோலாலம்பூர், பாங்கொக் என்று அவர் கால் படாத ஊர் இல்லை. பட்டதெல்லாம் கம்பளத்திலும் பளிங்குத் தரையிலும்தான். இடையில் இறங்கிய எந்த ஊர் மண்ணிலும் பட்டதில்லை.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? மெல்பேர்னில், ரோவில் பக்கத்தில், அது ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரனான நானே, தபால்காரர் பெட்டி மாறிப் போட்ட ஒரு கடிதத்தில்தான் அந்தப் பெயரைப் பார்த்தேன். பார்த்த கையோடு மறந்தும் விட்டேன். ட்ரான்சிட் அண்ணை என்றால்தான் அந்த முகம் மனதில் வரும்.

எங்கள் பகுதியில் யாராவது வெளிநாடு போவதென்றால் முதலில் அண்ணையிடம் போய்விட்டுத்தான் டிக்கெட் போடுவார்கள். அவருடைய கராஜில் காருக்கு இடம் கிடையாது. அங்கே ஒரு இரும்பு அலுமாரி. அதற்குள் விமான நிலையங்களின் வரைபடங்கள், ஊர் வாரியாக. எந்த வாசலுக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர், எந்தக் கழிவறையில் கூட்டம் இல்லை, எந்த வரிசைக் கதிரைக்கு இடையில் கைபிடி இல்லாமல் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம், எல்லாம் சிவப்புப் பேனாவால் குறித்து வைத்திருப்பார்.

"எதால போறீர் தம்பி?"

"துபாயால, அண்ணை."

"எத்தினை மணித்தியாலம் நிக்குது?"

"ஒன்பது."

"ஒன்பதோ! கொடுத்து வைச்சனீர்!"

ஒன்பது மணித்தியாலம் காத்திருக்கப் போகிறவனைப் பார்த்துக் கொடுத்து வைத்தவன் என்று சொன்ன ஒரே ஜீவன் அவர்தான். விமானத்தில் ஏறி இறங்கி ஊர் போய்ச் சேர்வதெல்லாம் அவரைப் பொறுத்தவரை வேண்டாத வேலை. இடையில் நிற்பதுதான் பயணம்.

அதோடு விட்டாரா? வகுப்பு வேறு எடுப்பார். சாப்பாட்டு மேசைக் கதிரைகள் நாலையும் வரிசையாக நிறுத்தி, பயணம் போகிற ஆளை அதில் படுக்க வைப்பார். என்னையும் விடவில்லை.

"பையின்ர வாரைக் கால்ல சுத்தும். சப்பாத்தைக் கழட்டித் தலைக்குக் கீழ வையும். பாஸ்போட்டு சேட்டுக்குள்ள. ஆ, அப்பிடித்தான். இனி நித்திரை கொள்ளும்."

"அண்ணை, இப்ப காலமை பத்து மணி."

"ட்ரான்சிட்டில காலமை பின்னேரம் ஒண்டும் இல்லை. கண்ணை மூடும்."

எரிச்சலோடுதான் மூடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், தூங்கிப் போனேன். அண்ணையின் மனைவி மங்களக்கா தேத்தண்ணீரோடு வந்து எழுப்பியபோது மணி பன்னிரண்டு. "பாவம் பிள்ளை, பாஸ் பண்ணிப்போட்டுது" என்றார் அக்கா. அவருக்கு அப்படி ஒரு வாய். சிரிக்காமல் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார்.

உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அண்ணைக்குத் தொலைபேசி வரும். ஒருநாள் பிளாக்டவுன் அன்ரி ஒருவர் பாங்கொக்கில் நின்றுகொண்டு, குழந்தைக்குப் பால் கரைக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று அழுதார். அண்ணை ரோவிலில் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "எழும்பி நேர நடவுங்கோ. வாசனைப் போத்தல் விக்கிற கடை வருதோ? அதில இடக்கைப் பக்கம் திரும்புங்கோ. இப்ப ஒரு செடிச் சட்டி தெரியுதோ?" என்று படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாயடியில் நிறுத்திவிட்டுத்தான் மறுபடி புல் வெட்டினார்.

எல்லாம் சரி. ஆனால் அவரிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று இருந்தது. கெல்லிவில்லில் இருக்கிற தமிழ்நாட்டுப் பையன் ஒருவன், கம்ப்யூட்டர் வேலைக்காரன், யாரோ நம்பர் கொடுத்து ஒருநாள் கூப்பிட்டான். நான் பக்கத்தில் இருந்தேன். "அண்ணா, எட்டு மணி நேரம் இருக்கு. வெளியே போய் ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்துடலாம்னு நினைக்கறேன். எங்கெல்லாம் போகலாம்?"

அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. "வெளியில போகாதேயும்! தம்பி, சொல்லுறன் கேளும், உள்ளுக்கே இரும்! உள்ளுக்கு இருந்தா ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது!" என்று போட்ட சத்தத்தில் முன்வீட்டு நாய் குரைத்தது. அந்தப் பையன் பயந்துபோய் தொலைபேசியை வைத்துவிட்டான். நானும் அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கு என்ன தெரியும்?

மகள் லண்டனில் இருந்ததால் அண்ணையும் அக்காவும் ஐந்து தடவை துபாய் வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா கண்ணாடிச் சுவரடியில் போய் நிற்பாராம். ஓடுபாதைக்கு அப்பால் வெளிறிப் போய் ஒரு கோடு மாதிரி மணல் தெரியுமாம்.

"இஞ்சாருங்கோ, பகல் முழுக்கச் சும்மாதானே இருக்கிறம். ஒருக்கா வெளியில போய் அந்த மணலை மிதிச்சுப் பாத்திட்டு வருவமே?"

"அடுத்தமுறை பாப்பம்."

ஐந்து தடவையும் அதே கேள்வி, அதே பதில். ஆறாவது தடவை வரவில்லை. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. வாரத்தில் மூன்று நாள், மதியத்திலிருந்து நாலு மணித்தியாலம், ஆஸ்பத்திரிக் கதிரையில் சாய்ந்திருந்து இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். இருந்த இருப்பில் விமானம் ஏறுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணை வரைபட அலுமாரியைத் திறப்பதும் குறைந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் லண்டன் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அண்ணை போக மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அக்கா போயே ஆக வேண்டும் என்று மற்றக் காலில் நின்றார். அக்காதான் வென்றார், வழக்கம்போல. என் தங்கை மகளுடைய கல்யாணமும் அதே வாரம் லண்டனில். அண்ணைக்கும் எனக்கும் ஒரே விமானத்தில் இடம் போட்டது அக்காதான்.

புறப்படுவதற்கு முதல் வாரம், அண்ணைக்கு மூக்கொழுகத் தடிமன் பிடித்ததால், அக்காவை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஊசி குத்தி, குழாய் மாட்டி, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அக்கா ஐபேடை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"தம்பி, ரெண்டு பேருக்குப் புக் பண்ணியிருக்கிறன். பாலைவனம். காலமை ஏழரைக்குக் கார் எயார்போட் வாசலுக்கே வரும். மணல்ல ஏத்தி இறக்கிக் காட்டிப்போட்டு, பதினொரு மணிக்குள்ள திருப்பிக் கொண்டுவந்து விடுவினம். பிளேன் ரெண்டரைக்குத்தானே?"

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சா லண்டனுக்கே போகமாட்டார். அங்க இறங்கினாப் பிறகு நீங்கள் சொல்லுங்கோ."

"நானோ?"

"பின்ன ஆர், இந்த மிஷினோ?"

நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தேன். அக்கா கொஞ்ச நேரம் குழாயில் ஓடுகிற இரத்தத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"கலியாணத்துக்கு முந்தி, ஏஜென்சிக்காரன் ஒருத்தன் இவரைக் கனடாவுக்கெண்டு கூட்டிக்கொண்டு போனவன். இடையில ஒரு எயார்போட்டில வைச்சு, 'நான் வெளியில போய் ரிக்கற் மாத்திக்கொண்டு வாறன், நீ உள்ளுக்கே இரு, வெளியில வந்தியெண்டா பிடிச்சுப்போடுவாங்கள்' எண்டு சொல்லிப்போட்டுப் போனானாம். இவற்ற பாஸ்போட்டும் அவன்ர கையில. போனவன் வரவேயில்லை. பத்தொன்பது நாள் தம்பி. கதிரைக்குக் கீழ படுத்து, கழிவறையில குளிச்சு, கூட்டித் துடைக்கிற ஆக்கள் குடுத்த பாண் துண்டைச் சாப்பிட்டு. கடைசியில பிடிச்சு ஊருக்கே திருப்பி அனுப்பினாங்கள். வயசு இருபத்தெட்டு."

சுடுதண்ணீர் எங்கே, கைபிடி இல்லாத கதிரை எங்கே என்று அந்த மனிதர் எங்கே படித்தார் என்று ஒருநாளாவது யோசித்தேனா? கதிரை வகுப்பைப் பற்றி எத்தனை விருந்துகளில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"அங்க நிண்டு எனக்கு வீடியோ கோல் எடுக்கச் சொல்லுங்கோ" என்றார் அக்கா. "அண்டைக்கும் எனக்கு மிஷின் நாள்தான். நாலு மணி மட்டும் இந்தக் கதிரையில இருப்பன். அதுக்குப் பிறகு கழட்டிப்போட்டா எனக்குத் தலை நிமித்தேலாது, தெரியும்தானே. அதுக்கு முந்தி எடுக்கோணும். எனக்கு வேற ஆசை ஒண்டும் இல்லை தம்பி. உதை மட்டும் எப்பிடியாவது செய்து தாங்கோ."

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் என்ன செய்வது?

துபாயில் அதிகாலை ஐந்து மணிக்கு இறங்கினோம். அண்ணை பிறந்த வீட்டுக்கு வந்த பெண்போல மலர்ந்திருந்தார். "இஞ்ச பாரும், கம்பளம் மாத்திப்போட்டாங்கள்" என்று குனிந்து தடவிப் பார்த்தார். தனக்குப் பிடித்த கதிரை வரிசையைக் கண்டுபிடித்து, பைக்குள்ளிருந்து இடுப்பில் கட்டும் சாரத்தை எடுத்து உதறினார். இதுதான் சமயம் என்று நான் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"விசரே உமக்கு?"

"நான் இல்லை அண்ணை. அக்கா புக் பண்ணினது."

"அவவுக்கும் விசர்."

"மெல்பேர்ன் நேரம் நாலு மணி மட்டும் அக்கா பாத்துக்கொண்டு இருப்பா."

அண்ணை சாரத்தை மடித்தார். விரித்தார். திரும்ப மடித்தார். அரை மணி நேரம் விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகு எழும்பி, "நடவும்" என்றார்.

குடிவரவு வரிசையில் நிற்கும்போது ஒரு தடித்த கோப்பை வெளியே எடுத்தார். ஆஸ்திரேலியக் குடியுரிமைப் பத்திரம், சாரதி அனுமதிப் பத்திரம், கல்யாணப் பதிவு, ரோவில் வீட்டு உறுதிப் பத்திரம், அக்காவின் டொக்டர் கொடுத்த கடிதம், தண்ணீர்ப் பில்! முப்பது வருஷமாக ஆஸ்திரேலியப் பாஸ்போட் வைத்திருக்கிறவர், இதை எல்லாம் ஒவ்வொரு பயணத்திலும் முதுகில் சுமந்திருக்கிறார்.

கறுப்பு முக்காடு போட்ட இளம்பெண் அதிகாரி பாஸ்போட்டை வாங்கினார், முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார், "வெல்கம்" என்றார். முழுசாக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணை நகரவில்லை.

"ஒண்டும் கேக்கேல்லையே" என்றார் என்னிடம்.

"கேக்கிறதுக்கு என்ன அண்ணை இருக்கு? வாங்கோ."

"திரும்பி உள்ளுக்கு விடுவினமோ எண்டு கேளும்."

கேட்டேன். நிச்சயமாக என்று அந்தப் பெண் சிரித்தார்.

"எழுதித் தரச் சொல்லும்."

எனக்குப் பின்னால் நின்ற நாற்பது பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். அவர் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கியதோ, அண்ணையின் அடுத்த விமானச் சீட்டை வாங்கி, நேரம் போட்டிருந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு சரி அடையாளமும் போட்டுக் கொடுத்தார். மகராசி, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அண்ணை அதைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

வெளி வாசலில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. அண்ணை அதற்கு முன்னால் போய் நின்றுவிட்டார். கதவு திறந்தது, பார்த்தது, மூடியது. மறுபடி திறந்தது. பின்னால் வந்தவர்கள் தள்ளுவண்டிகளோடு மோதிக்கொண்டு எங்களைத் திட்டினார்கள். நான் அவர் கையைப் பிடித்தேன். அறுபத்தேழு வயது மனிதரின் கை, பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போகிற பிள்ளையின் கை மாதிரி வியர்த்திருந்தது. "கதவு பூட்டுறதுக்குள்ள வாங்கோ" என்று இழுத்தேன். வந்துவிட்டார்.

வெளியே ஓட்டுநர்கள் பெயர் எழுதிய அட்டைகளோடு நின்றார்கள். ட்ரான்சிட் அண்ணை என்று ஒரு அட்டையும் இல்லை. நான் வரிசையை இரண்டு தடவை மேலும் கீழும் நடந்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று பல்லைக் கடித்தேன். அண்ணை என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, உதில இருக்கிறது என்ர பேர்."

அட்டையைப் பிடித்திருந்தவர் சாஜன், மலையாளி, எங்களுக்கு ஓட்டுநரும் அவர்தான் வழிகாட்டியும் அவர்தான். தமிழும் பேசினார். காருக்குள் ஏற்கெனவே ஒரு ஜெர்மன் தம்பதி இருந்தார்கள். அண்ணை ஏறவில்லை. காரின் இலக்கத்தகட்டைப் படம் எடுத்தார். சாஜனைப் படம் எடுத்தார். சாஜனின் ஊர், அப்பா பெயர், பிள்ளைகள் எத்தனை, எத்தனை வருஷமாக இந்த வேலை என்று கேட்டார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

"என்ன சேட்டா, போலீஸா?" என்றார் சாஜன்.

"எங்களை மணலுக்குள்ள விட்டிட்டுப் போகமாட்டீர்தானே?"

"விட்டுட்டுப் போனா எனக்கு வேலை போயிடும், சேட்டா."

அந்தப் பதில் அண்ணைக்குப் பிடித்திருந்தது. ஏறினார்.

ஒரு மணி நேரம் நெடுஞ்சாலை. பிறகு தார் முடிந்தது, மணல் தொடங்கியது. சாஜன் காரை நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கினார். மணலில் போவதற்கு முன் எல்லாரும் செய்கிற வேலைதான், டயர் தட்டையானால்தான் மணலில் புதையாமல் போகுமாம். அண்ணைக்கு அதை யார் சொன்னது? உஸ்ஸ் என்ற சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"தம்பி! காத்தை இறக்கிறான்! எங்களை இஞ்ச விட்டிட்டுப் போகப் போறான்!"

"அண்ணை, காத்தில்லாம அவர் எப்பிடிப் போவார்?"

அண்ணை இதை யோசிக்கிற நிலையில் இல்லை. நாலாவது டயருக்கு முன்னால் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜெர்மன்காரர் இது நிகழ்ச்சியில் ஒரு அம்சம் என்று நினைத்துக் காணொளி எடுத்தார். சாஜன் கோபப்படவில்லை. கார்ச் சாவியைக் கழற்றி அண்ணையின் கையில் வைத்தார். "சேட்டன் வச்சுக்கோங்க. நான் காத்து இறக்கி முடிச்சதும் கொடுத்தாப் போதும்."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணை கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு எழும்பி, மணலைத் தட்டிவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளும்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு மணல் மேடுகளில் கார் ஏறி இறங்கிய கதையை நான் எழுதப் போவதில்லை. அண்ணை "முருகா, முருகா" என்று போட்ட சத்தத்தில் முருகன் பழனியில் இருந்து இறங்கி வந்திருப்பார். நானும் சேர்ந்து கத்தினேன் என்பதை என் மனைவி இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

ஒரு பெரிய மேட்டில் கார் நின்றது. இறங்கினோம். நாலாபக்கமும் மணல், மணல், மணல்தான். காலை வெயிலில் செங்கல் பொடியைக் கொட்டிப் பரப்பினதுபோலக் கிடந்தது. மணி ஒன்பது இருபது. மெல்பேர்னில் மூன்று இருபது. அண்ணை தொலைபேசியை எடுத்து அக்காவை அழைத்தார். போகவில்லை. மறுபடி அழைத்தார். போகவில்லை.

"சிக்னல் இல்லைத் தம்பி."

என் தொலைபேசியில் வெளிநாட்டு இணைப்பே எடுத்திருக்கவில்லை, எல்லாம் என் கஞ்சத்தனம். அண்ணை மேட்டில் இன்னும் மேலே ஏறினார். நான் பின்னால். இரண்டு அடி ஏறினால் ஒரு அடி சறுக்கியது. மெல்பேர்ன் குளிருக்குப் போட்ட தடித்த ஜாக்கெட்டைக்கூட அவர் கழற்றவில்லை. சப்பாத்து நிறைய மணல். உச்சிக்குப் போய்த் தொலைபேசியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். இல்லை. அடுத்த மேட்டுக்கு ஏறினோம். அங்கும் இல்லை. மூன்று முப்பத்தைந்து. மூன்று நாற்பது.

"பாத்துக்கொண்டிருப்பாளே" என்றார். "அஞ்சு முறை கேட்டவள். அஞ்சு முறையும் அடுத்தமுறை எண்டனான். இப்ப வந்தும் ஏலாமல் கிடக்கே."

அந்த மனிதர் வாழ்நாளில் முதல்தடவையாக ட்ரான்சிட்டை விட்டு வெளியே வந்து, மூச்சு வாங்க மணலில் நின்று அழுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. கீழே பார்த்து, "சாஜன்!" என்று கத்தினேன். அவர் ஓடி வந்து தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சேட்டா, இதுல இன்னும் பிளேன் மோட் போட்டிருக்கே."

மெல்பேர்னில் விமானம் ஏறும்போது போட்டது. பயணம் போகிறவர்களுக்கு எல்லாம் அலுக்காமல் பாடம் எடுத்த ட்ரான்சிட் அண்ணை, இறங்கிய பிறகு அதை அணைக்கவில்லை. உள்ளுக்கே இருப்பவருக்கு அதை அணைக்க வேண்டிய அவசரம் என்றைக்கு வந்தது? சாஜன் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். நாலு கோடும் நிமிர்ந்து எழும்பின.

மூன்று நாற்பத்தாறுக்கு அக்காவின் முகம் வந்தது. தலையணையில் சாய்ந்து, கண்ணாடி மூக்கு நுனியில்.

"எங்கயப்பா இவ்வளவு நேரமும்? நர்ஸ் பிள்ளை கழட்ட வந்திட்டா. பொறும் பொறும் எண்டு மறிச்சு வைச்சிருக்கிறன்."

அண்ணை கமராவைத் திருப்பி மணலைக் காட்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே வானம், தூரத்தில் ஒரு ஒட்டகம். விமான நிலையம் காட்டிப் பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது. "இது கிழக்கு. அங்கால தெரியிறதும் மேடுதான். காத்து உப்பிடிக் கோடு கோடா வரையும் போல. இப்ப காலை வைக்கிறன் பாரும், புதையுது பாரும்." பக்கத்துக் கதிரையில் குழாயோடு இருந்த வெள்ளைக்காரக் கிழவரும் எட்டிப் பார்த்தார். "வாவ், மங்களா!" என்று நர்ஸ் சொன்னது எனக்கும் கேட்டது.

"இஞ்சாருங்கோ" என்றார் அக்கா. "மண்ணைக் காட்டினது காணும். கமராவைத் திருப்புங்கோ."

"எங்கால?"

"உங்கட பக்கம். நான் என்ன மண்ணைப் பாக்கவோ கேட்டனான்? மண் யூடியூப்பில கனக்கக் கிடக்கு. நீங்கள் வெளியில நிக்கிறதை ஒருக்காப் பாக்கோணும். அவ்வளவுதான். கலியாணம் கட்டின நாள் தொட்டு, முப்பத்தாறு வருஷமா அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அண்ணை என்னிடம் தொலைபேசியைத் தந்தார். நாலடி பின்னால் போய், ஜாக்கெட்டை இழுத்துவிட்டு, தலையைக் கையால் வாரி, இரண்டு கையையும் பக்கத்தில் வைத்து விறைப்பாக நின்றார். பாஸ்போட் படத்துக்கு நிற்பதுபோலத்தான் நின்றார். முகத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. நானும் துடைத்துக்கொள்ளவில்லை, கையில் தொலைபேசி இருந்தது.

அக்கா பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நர்ஸும் அவசரப்படுத்தவில்லை.

"வடிவா நிக்கிறியள்" என்றார் அக்கா. "காணும். இனி உள்ளுக்குப் போங்கோ."

அடுத்த வருஷம், குளிர்காலம் முடியும்போது, அக்கா போய்விட்டார். அண்ணை இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு தனியே இருந்து பார்த்தார். பிறகு மகள் வந்து வீட்டை விற்று, அலுமாரியைக் கழித்து, அவரை லண்டனுக்கு வரச் சொல்லிவிட்டு முன்னால் போனாள். நான்தான் அவரை விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினேன். "போட்டு வாறன்" என்றார். வரமாட்டார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காரில் திரும்பி வரும்போது வானொலியைக்கூடப் போடவில்லை.

மறுநாள் பின்னேரம் நான் வேலையில் இருந்தேன். தொலைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. திரையில் அண்ணை. சுற்றிவர மணல். இந்தமுறை ஜாக்கெட் இல்லை, கட்டைக் கை சேட்டு.

"அண்ணை! ஆரோட போனனீங்கள்?"

"தனியத்தான். சாஜனைக் கூப்பிட்டனான், வந்து ஏத்தினவன். அந்தா, கீழ நிண்டு கை காட்டுறான்."

"என்ன அண்ணை, ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லைத் தம்பி." தொலைபேசியை எட்டத் தள்ளிப் பிடித்தார். "வெளியில நிக்கிறன். ஆருக்காவது காட்டோணும் போல கிடந்தது."

அலுவலகத்தில் எல்லாரும் இருந்தார்கள். எனக்கு யாரும் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் அவர் இருந்த அத்தனை வருஷங்களில், ஒருநாளாவது அவரை இப்படி நிதானமாக நான் பார்த்திருக்கிறேனா?

"சரி தம்பி, உமக்கு வேலை இருக்கும். வைக்கப் போறன்."

"வைக்காதேங்கோ அண்ணை" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கோ. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."